சிமெண்டுத் தரையும் என் வலது குதிகாலும்

1

ஊரிலிருந்து வரும் காயிதங்கள் எல்லாம் "இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. பத்தொன்பது வருஷமாக நானும் யோசனை இல்லாமல் "சுகம்" என்று எழுதித் தபாலில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்ச காலமாக அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. பயந்துவிடாதீர்கள். காசம் இல்லை, மலைக்காய்ச்சல் இல்லை. வலது குதிகால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

சிரிப்பு வருகிறதல்லவா? என் தம்பி மரியதாசுக்கும் வந்தது. "அண்ணன் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்தது குதிகால் வலிதானா?" என்று எழுதியிருந்தான். அவன் குதிகால் நன்றாக இருக்கட்டும், நான் வேறென்ன சொல்ல.

அக்கரையில் புக்கிட் மெர்தாஜம் மலையடியில் அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் கொடி ஏறிவிட்டது. பினாங்குப் படகுத்துறையில் வெள்ளைச் சேலையும் ஜெபமாலையுமாக ஜனங்கள் நிற்கிறார்கள். போன வருஷம் அந்தக் கூட்டத்தோடு நானும் நடந்தேன், காலில் செருப்புக்கூட இல்லாமல். அதிலிருந்து சரியாக ஒரு வருஷம். இன்றைக்கு வீட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் முன்கதையைச் சொல்லாமல் முடியாது.

2

நான் இங்கே ஒரு கப்பல் கம்பெனியில் டாலி கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் குமாஸ்தா. டாலி கிராணி என்றால் கப்பலிலிருந்து தொங்கான் படகுகளில் வந்து இறங்கும் மூட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் குறிக்கிறவன். அரிசி மூட்டை, புகையிலைச் சிப்பம், கருவாட்டுப் பெட்டி எது வந்தாலும் ஐந்துக்கு ஒரு கோடு. ஊரில் என்னைக் "கப்பல் ஆபீசர்" என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. சொல்லட்டும். ஆபீசருக்கு உட்கார நாற்காலி உண்டு. டாலி கிராணிக்குக் கிடையாது. "உட்கார்ந்து குறிச்சா கண் அசரும், கண் அசந்தா மூட்டை போகும்" என்பது எங்கள் பெரிய கிராணியின் வேதம். அவர் இதை உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார்.

முன்பெல்லாம் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் பலகைத் தரை. பலகை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். பிறகு கம்பெனிக்கு நாகரிகம் வந்து, பலகையைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டு போட்டார்கள். எலி வராது, கறையான் வராது என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். அந்தத் தரையில் காலை ஏழு மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை நின்றேன். வாரத்துக்கு ஆறு நாள், கப்பல் கூட்டமாக வந்தால் ஏழு நாள்.

ஒரு நாள் விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலைத் தரையில் வைத்தேன். "ஐயோ, மாதாவே!" என்று கத்திவிட்டேன். குதிகாலில் ஆணி ஏறிவிட்டது என்றே நினைத்தேன். விளக்கை எடுத்து வந்து என் மனைவி லூர்து குனிந்து பார்த்தாள். ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. வீக்கம்கூட இல்லை. நாலு எட்டு வைத்ததும் வலி தணிந்தது. பத்து எட்டு வைத்ததும் அட, ஒன்றும் இல்லை என்று நானே சிரித்தேன்.

இந்த வலியின் குணமே அதுதான். உட்கார்ந்து எழுந்தால் கொல்லும், நடக்க நடக்க நல்ல பிள்ளையாகிவிடும், சாயங்காலம் மறுபடி வட்டியோடு வரும். அடுத்தவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கை ஒடிந்தால் கட்டுப் போட்டுக் காட்டலாம். குதிகாலை எவனிடம் காட்டுவது?

3

வைத்தியத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. தமிழ் வைத்தியம், சீன வைத்தியம், மலாய் வைத்தியம், வெள்ளைக்காரன் வைத்தியம் நாலும் ஒரே தெருவில் கிடைக்கும். நான் நாலையும் பார்த்தேன்.

முதலில் நம்முடையது. செங்கல்லை அடுப்பில் போட்டுச் சுட்டு, அதன் மேல் எருக்கு இலையை வைத்து, இலை பொரியும்போது குதிகாலை அழுத்தி எடுக்க வேண்டும். செங்கல் கிடைத்தது, பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வந்தேன். எருக்குக்கு எங்கே போவது? விசாரித்ததில் பிள்ளையார் கோயில் பின்புறம் நாலு செடி இருப்பதாகத் தெரிந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போய் நின்றேன். பூசாரி நல்ல மனுஷன். "கால் வலிக்கு எந்தச் சாமியா இருந்தா என்ன கிராணியாரே, பறிச்சுக்குங்க" என்றார். சாயங்காலம் தவறாமல் ஒத்தடம். சுகமாக இருக்கும். மறுநாள் கிட்டங்கியில் நின்றால் பழைய கதை.

என் மகள் ஆக்னசுக்கு அப்போது பதினேழு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு முந்தைய வகுப்பு. இங்கிலீஷில் கனவு காண்கிற பெண். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா ஆவது என்று முடிவு பண்ணி, வீட்டுக் கதவின் பின்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி எழுதி, வராத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். செங்கல் வைத்தியத்தைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு.

"அம்மா, சீக்கிரம் வா லா! அப்பா காலை ரொட்டி மாதிரி சுடுறாரு!"

"சிரிக்காதடி, உனக்கு வந்தாத்தான் தெரியும்" என்றாள் லூர்து. பிள்ளையைப் பெற்றவர்கள் கோபத்தில் ஆயிரம் சொல்வார்கள். சிலதை யாரோ காதில் வாங்கிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

அடுத்து சீன வைத்தியர். அவரிடம் என்னை அழைத்துப் போனவர் காசிம் பாய். காவடி மாதிரி தோளில் கழி போட்டு, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி என்று சுமந்து துறைமுகத்தில் விற்கிறவர். நாள் பூராவும் சுமையோடு நடப்பார், அவருக்குக் கால் வலி கிடையாது. "தம்பி, நான் நடக்குறேன். நீ நிக்கிறே. நிக்கிறவனுக்குத்தான் வரும்" என்பார். சீன வைத்தியர் என் குதிகாலை அமுக்கிப் பார்த்து, இரத்தம் அங்கே நின்றுவிட்டது என்று மலாயில் சொல்லி, கறுப்பாக ஒரு பிளாஸ்திரி போட்டார். அந்த வாடைக்கு ஒரு வாரம் வீட்டில் ஒருவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மூன்றாவதாக, கம்பம் என்கிற மலாய்க் குடியிருப்பில் உருவிவிடும் ஒரு கிழவி. அவள் குதிகாலைத் தொடவே இல்லை. கெண்டைக்காலைப் பிடித்து உருவ ஆரம்பித்தாள் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு ஒரு துணியைப் பாதத்தில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தினமும் இழுக்கச் சொன்னாள். "எங்கே வேலை?" என்று கேட்டாள். சொன்னேன். "சிமென் மேல நிக்காதே, மகனே" என்றாள் மலாயில். சீன வைத்தியரும் நிற்காதே என்றுதான் சொல்லியிருந்தார். எல்லா பாஷையிலும் மருந்து ஒன்றுதான். எந்தக் கடையிலும் அது விற்பதில்லை.

4

கடைசியாகத்தான் கம்பெனி டாக்டரிடம் போனேன். வெள்ளைக்காரர். அவரிடம் மருந்து கட்டிவிடும் டிரஸ்ஸராக இருந்தவர் ஞானப்பிரகாசம். எங்கள் கோயில்காரர், பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் முழங்காலில் நிற்பவர். எனக்கு இங்கிலீஷ் வரும் என்றாலும், வியாதியைத் தமிழில் சொன்னால்தான் முழுசாகச் சொன்ன திருப்தி. ஆகவே ஞானப்பிரகாசம் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

டாக்டர் குதிகாலின் அடியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். நான் மேஜையை விட்டு எழும்பிவிட்டேன். அவர் ஏதோ கேட்டார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதது போல ஞானப்பிரகாசத்தைப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். வெளிய... பொம்பள சீக்கு ஏதாச்சும் வந்திருக்கான்னு கேக்குறாரு."

"என்னய்யா கேள்வி இது? நான் குதிகாலைக் காட்டுறேன், நீ எங்கெங்கேயோ போறே!"

"நான் இல்லண்ணே, டாக்டரு."

அந்தச் சீக்கு குதிகாலில் வந்து உட்காருமாம். அவர் படித்தது அப்படி. நான் சத்தியமாக இல்லை என்றேன். டாக்டர் கோபப்படவில்லை, நம்பவும் இல்லை. பாதத்தை இறுக்கி ஒட்டுத்துணி சுற்றினார். சப்பாத்துக்குள் ரப்பர் மெத்தை வைக்கச் சொன்னார். வெள்ளை மாத்திரை கொடுத்தார். ஆறு வாரம் உட்கார்ந்து செய்கிற வேலை தரலாம் என்று கம்பெனிக்கு ஒரு துண்டுச் சீட்டும், சிட்டு என்பார்கள், எழுதினார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. முதலில் இரத்தம் சோதித்து வர வேண்டும், அதற்கு இன்ன இடத்தில் இன்ன கிழமை போக வேண்டும் என்றார்.

அந்த இடம் எது என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். கப்பல்காரப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் நிற்கும் இடம். கோயிலில் காணிக்கைத் தட்டு எடுக்கிற நான் அந்த வரிசையில் நிற்பதா? கால் போனால் போகட்டும் என்று வந்துவிட்டேன். சிட்டு கையெழுத்தில்லாமல் ஜெபப் புத்தகத்துக்குள் கிடந்தது.

இப்போது யோசித்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. போய் நின்றிருந்தால் ஒரு காலை நேரம். இல்லை என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆறு வாரம் உட்கார்ந்திருப்பேன்.

ஒட்டுத்துணியும் ரப்பர் மெத்தையும் வேலை செய்தன, அதையும் சொல்ல வேண்டும். மலாய்க் கிழவி சொன்ன துணி இழுப்பையும் விடவில்லை. ஒரு மாதத்தில் காலை வேளை வலி பாதியாகக் குறைந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

அது ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம். தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் மூட்டைகளைக்கூட நான்தான் குறித்தேன். எங்கள் கம்பெனியிலும் ஆள் குறைப்பு என்று பேச்சு வந்தது. அன்னம்மாள் திருநாள் கழிந்த நாலாம் நாள் டாக்டர் எல்லோரையும் பார்ப்பார், உடம்பு சரியில்லாதவனுக்கு முதலில் சீட்டுக் கிழியும் என்று பெரிய கிராணி சொன்னார். கிழிகிற சீட்டோடு கப்பல் டிக்கெட்டும் உண்டாம், குடும்பத்துக்கே.

ஊர் திரும்புவதற்கு என்னய்யா கசப்பு என்பீர்கள். எனக்கு அங்கே ஒரு குழி நிலம் இல்லை. ஆக்னஸ் இங்கே பிறந்தவள். மரியதாசுக்கு அவள் எழுதும் தமிழ்க் காயிதத்தைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம். அது முடியும்வரை நான் அந்தச் சிமெண்டுத் தரையில் நின்றால் போதும். கடவுளிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த லூர்து முக்காட்டை எடுக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். டிரஸ்ஸர் மனைவி நாலு பேர் நடுவில் அவளிடம், வீட்டுக்காரருக்கு அந்தச் சீக்காமே என்று அனுதாபமாக விசாரித்தாளாம். ஞானப்பிரகாசம் கெட்டவர் இல்லை, வீட்டில் வாய் தவறிச் சொல்லியிருப்பார். வீட்டிலிருந்து அது கோயில் வாசலுக்கு வந்துவிட்டது.

"நான் உங்களைச் சந்தேகப்படலைங்க" என்றாள் லூர்து. "பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா? ஆனா அவளுங்க பார்த்த பார்வை இருக்கே... அங்கேயே, எல்லார் முன்னாலயும் நேர்ந்துட்டேன்."

"என்னன்னு நேர்ந்தே?"

"எம் புருஷன் மேல குத்தம் இல்லேன்னா, அன்னம்மா அவரைப் படகுத்துறையிலேர்ந்து கோயில் வரைக்கும் வெறுங்காலோட நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க, போய்ச் சேர்ந்ததும் வெள்ளிப் பாதம் வைக்கிறேன்னு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். குதிகாலால் வந்த பழி தீரக் குதிகாலாலேயே நடக்கிற நேர்த்திக்கடன்! உலகத்தில் வேறு எந்த ஜாதிக்காவது இந்த யோசனை வருமா?

"அம்மா, அப்பாவுக்கு இப்பத்தான் கொஞ்சம் நல்லாகுது. திருநாள் முடிஞ்சு நாலு நாள்ல டாக்டர் பார்ப்பாரு" என்றாள் ஆக்னஸ். "நீயே நடந்துட்டு வாயேம்மா. உன் நேர்த்திதானே?"

"நான் நடந்தா யாருக்கு என்ன தெரியும்? குத்தம் சொன்னது என்னையா?"

நடந்தால் வேலை போகும். நடக்காவிட்டால் மானம் போகும், அதுவும் என் மானம் மட்டும் இல்லை, அவள் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போவதும் சேர்ந்து போகும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, எனக்கு இரண்டு இடத்திலும் வலிக்கிற கால்தான். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள், எத்தனை மணிக்குப் படகு என்று கேட்டேன்.

பொற்கொல்லரிடம் வெள்ளிப் பாதம் வாங்கி வந்தாள். பார்த்தால் அது இடது பாதம். "வலது தீர்ந்துடுச்சாங்க. அன்னம்மாளுக்குத் தெரியாதா எந்தக் கால்னு?" என்றாள்.

6

விடிகிற நேரத்தில் பட்டர்வொர்த் கரையில் இறங்கினோம். எட்டு மைலுக்குக் குறையாது. சப்பாத்தையும் ஒட்டுத்துணியையும் கழற்றி ஆக்னஸ் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டே கூட்டம் நகர்ந்தது.

முதல் மூன்று மைல் வலியே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இல்லவே இல்லை. அன்னம்மாள் புதுமை செய்துவிட்டாள் என்றே நம்பி, நானும் உரக்கப் பாடினேன். லூர்து என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை. நடக்க நடக்க அடங்குவதுதான் இந்த வலியின் குணம் என்பது எனக்கும் மறந்து போயிற்று.

வெயில் ஏறித் தார் இளகிற்று. ஐந்தாவது மைலில் ஆணி வந்தது. அப்புறம் அது ஆணி இல்லை, உளி. கால் விரல்களை ஊன்றி நடந்தேன், பாதத்தின் வெளி ஓரத்தால் நடந்தேன். ஆக்னஸ் பக்கத்தில் வந்து பையைத் திறந்து காட்டினாள்.

"போட்டுக்குங்கப்பா. யாரும் பார்க்கல."

"எல்லாரும் பார்க்குறாங்கம்மா" என்றேன். உண்மைதான். ஞானப்பிரகாசமும் அவர் மனைவியும் மாட்டு வண்டியில் எங்களைத் தாண்டிப் போனார்கள். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் நொண்டாமல் நடந்தேன். எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

கோயில் படியை நான் மிதித்ததும் லூர்து அழுதுவிட்டாள். டிரஸ்ஸர் மனைவி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, மன்னிச்சுக்குங்க அக்கா" என்றாள். இடது வெள்ளிப் பாதம் சுரூபத்தின் கீழே மற்ற வெள்ளிக் கைகளோடும் கண்களோடும் போய்ச் சேர்ந்தது. என் பெயர் சுத்தமாகிவிட்டது. நான் மரத்தடியில் உட்கார்ந்தேன், பிறகு எழுந்திருக்க முடியவில்லை. திரும்பி வர ஒரு லாரிக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

7

மூன்று நாள் செங்கல்லும் எருக்கும் என்று கிடந்து, நாலாம் நாள் டாக்டர் முன் போய் நின்றேன். கிட்டங்கித் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொருவராக நடந்து போய்த் திரும்பி வரச் சொன்னார்கள். நான் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் முன்னால் வந்து வெளியே உலாவி, காலைச் சூடேற்றி வைத்திருந்தேன். வலியைப் பழக்குவதில் நான் அதற்குள் தேர்ந்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன், திரும்பினேன், வந்தேன். டாக்டர் தலையை ஆட்டினார். எல்லோரும் நடந்து முடியட்டும், பிறகு நெஞ்சு பார்க்கக் கூப்பிடுகிறேன் என்றார்.

ஞானப்பிரகாசம் என்னிடம் வந்தார். திருநாளிலிருந்தே அவருக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். எங்கிருந்தோ ஒரு முக்காலியைத் தேடிக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்கண்ணே. இன்னும் இருபது பேர் இருக்காங்க, நேரமாகும்."

"வேணாம்பா, நிக்கிறேன்."

"அட, உக்காருங்கண்ணே. எட்டு மைல் நடந்த காலு. எம் மனசு கேக்கல."

உட்காரக் கூடாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சிமெண்டுத் தரையில் இத்தனை வருஷத்தில் எனக்கு முக்காலி போட்ட ஒரே மனுஷன் அவர். எப்படி மறுப்பது? காலும் கெஞ்சியது. உட்கார்ந்தேன். மாதாவே, என்ன சுகம்! அரை மணி நேரம் ஆண்டவன் மடியில் இருந்தாற்போல இருந்தேன்.

"சவரிமுத்து!" என்று கூப்பிட்டார்கள்.

எழுந்து முதல் எட்டு வைத்தேன். அவ்வளவுதான். டாக்டரின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மைக்கூடு கவிழ்ந்துவிட்டது. டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. என் பழைய தாளைத் தேடி எடுத்து, இரத்தச் சோதனைக்கு நான் போகவில்லை என்று குறித்திருந்த இடத்தைப் பார்த்து, அதன் கீழே வேலைக்குத் தகுதி இல்லை என்று ஒரு வரி எழுதினார். ஞானப்பிரகாசம் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவரை நான் என்ன சொல்வது? அவரையும் லூர்துவையும் போல எனக்கு நல்லது நினைத்தவர்கள் யாரும் இல்லை.

8

கப்பல் டிக்கெட்டை நாங்கள் வாங்கவில்லை. வாங்காதது நான் இல்லை, ஆக்னஸ். ஒரு மாலையில் வந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். ஒரு ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகச் சேருவதற்கான தாள். கன்னியர் மடத்தில் படிப்பை நிறுத்திக்கொள்வதாகக் காலையிலேயே சொல்லிவிட்டாளாம்.

"வாத்தியாரம்மா வேலை?" என்றேன்.

"அதுக்கு இன்னும் ரொம்ப நாள் ஆகும்பா. இதுல இப்பவே சம்பளம், சாப்பாடு, குவார்ட்டர்ஸ். ஊர்ல போய் நான் என்ன செய்வேன்? அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவளே விரலால் காட்டினாள். போட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை யோசிக்கிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்பு எழுத்தை லூர்து இன்னும் துடைக்கவில்லை.

நான் இப்போது சூலியா தெருவில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து மனுவும் காயிதமும் எழுதிக் கொடுக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை கடைசியில் கிடைத்துவிட்டது பாருங்கள்! காலும் முன்னைக்குத் தேவலை. அது தேறுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ஆக்னஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிப் பெருமை தாங்காது. "எங்க வார்டு தரையைப் பாக்கணும்ப்பா! சிமெண்டு, கண்ணாடி மாதிரி இருக்கும். தினம் ரெண்டு வாட்டி கழுவுவாங்க." பழகுகிற பெண்கள் வார்டில் உட்காரக் கூடாதாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன்.

இன்றைக்கும் வந்தாள். சாப்பிட்டோம். நாற்காலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். லூர்து அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நேரமாயிற்று என்று ஆக்னஸ் எழுந்தாள். எழுந்தவள் வலது பாதத்தின் முன்பக்கத்தை மட்டும் தரையில் வைத்தாள். கை தானாகச் சுவருக்குப் போயிற்று. இரண்டாவது எட்டையும் அப்படியே வைத்தாள். நாலாவது எட்டில் சரியாக நடந்தாள். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

அவள் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசம். அம்மாகிட்ட சொல்லாதீங்க. திரும்ப எதையாவது நேர்ந்துக்குவாங்க."

"அங்கதான் இத்தனை டாக்டர் இருக்காங்களே, காட்டக் கூடாதா?"

"காட்டினா தாள்ல எழுதிடுவாங்கப்பா."

எதைச் சொல்வது? நிற்காதே என்றா? மலாய்க் கிழவியும் சீன வைத்தியரும் சொன்ன அதே மருந்தை நானும் சொல்லவா? அவள் குனிந்து சப்பாத்து வாரை மாட்டினாள். மாட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"அப்பா, அந்தச் செங்கல் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. இரு, ஒரு அரை மணி நேரம் பொறுத்துப் போகலாம்" என்றேன். செங்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு எருக்கு இலைக்காகப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தேன். பூசாரி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"என்ன கிராணியாரே, இன்னும் கால் சரியாகலையா?"

இது எனக்கில்லை, என் மகளுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க, இன்னும் சரியாகல" என்றேன். "கொஞ்சம் கூடவே பறிச்சுக்கிறேன்."